மருதாயி பார்த்த சிவிங்கி

நாகராசு துப்பாக்கியைத் தோளில் பதித்துச் சூரைமுள் புதரைக் குறிபார்த்ததும் மருதாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அருகிலிருந்த முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், நேருக்கு நேர் பாத்தவளாச்சே. அந்தப் பயம் லேசுல தெளியுமா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனம். "நீ வீட்டுக்குப் போ தாயி. இங்கிட்டு நிக்காதே."

மருதாயி அசையவில்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு மேற்கே, இந்த முந்திரிக்காட்டில் சிவிங்கிப்புலியை முதலில் பார்த்ததாகச் சொன்னவள் அவள்தான். மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் விறகுக்கட்டைப் பாதி வழியில் எறிந்துவிட்டு, தலைவிரி கோலமாக ஓடிவந்து வாசலில் விழுந்தாள். உடம்பெல்லாம் புள்ளி, நாய்க்கு இருக்கிற மாதிரி நீளக் கால், ஒரே தாவில் ஓடையைத் தாண்டிப் போச்சு என்று அழுதாள்.

நாகராசு அன்றைக்குச் சிரித்தார். அந்த வட்டாரத்தில் லைசென்சுத் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அந்த இனமே நம்ம நாட்டுல அத்துப்போச்சுன்னு பேப்பர்லயே போட்டுட்டான். இவ எதையோ பாத்துட்டு மெரண்டிருக்கா."

அப்புறம் ஆளாளுக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் வண்டிப்பாதையில் வாலைக் கண்டார். இன்னொருவர் ஊருணிக் கரையில் தடம் கண்டார். ஆட்டுக்கிடை போட வந்திருந்த ராக்கன், டீக்கடையில் எல்லார் முன்னாலும் சத்தியமே செய்தார்.

"கண்ணு ஓரத்துலருந்து வாய் வரைக்கும் கறுப்பா ஒரு கோடுங்க. அழுத புள்ளைக்கு மை வழிஞ்ச மாதிரி இருந்துச்சு."

முந்தாநாள் அவருடைய கிடையில் ஒரு பெட்டையாட்டைக் காணோம். அதன் பிறகு நாகராசாலும் சிரிக்க முடியவில்லை. இன்று பொழுது சாயத் தொடங்கியதும் ஊர் ஆண்கள் கம்பும் தகரமுமாகக் காட்டைத் தட்டிக்கொண்டு வந்து, இந்தப் புதரை வளைத்துவிட்டார்கள்.

புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கர்ர்ர்... கர்ர்ர்... என்று விட்டுவிட்டு வந்தது.

"உறுமுது பாருங்க!" என்றான் ஒருவன். கூட்டம் நாலடி பின்வாங்கியது.

மருதாயிக்கு அது உறுமலாகக் கேட்கவில்லை. குறட்டையாகக் கேட்டது. குடித்துவிட்டு விழுந்து கிடக்கும்போது அவள் புருஷன் வீரய்யா இப்படித்தான் தூங்குவான்.

சிவிங்கி என்று ஒன்றை அவள் பார்க்கவே இல்லை.

இந்தப் புதருக்குப் பின்னால்தான் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சினார்கள். சாயங்காலமானால் வீரய்யாவின் கால் இங்கேதான் இழுக்கும். அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில்தான் இந்தப் பொய். வீரய்யா வெளியே முரடன், உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. அன்றிலிருந்து விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பான். காய்ச்சுகிறவர்களும் பயந்து வேறு பக்கம் போய்விட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

இன்று காலையில், "புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று பஸ் ஏறப் போனவன், மத்தியானத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. பழைய சகவாசம் மறுபடி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது உண்மையைச் சொன்னால் ஊரே காறித் துப்பும். வீரய்யாவுக்கும் பயம் விட்டுப்போகும். சொல்லாவிட்டால்?

நாகராசின் விரல் விசைக்குப் போனது.

"சுடாதீங்கண்ணே!"

மருதாயி பாய்ந்து துப்பாக்கிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏய், கிறுக்கச்சி! வெலகு!"

"அங்க சிவிங்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல! நான் பொய் சொன்னேன். எங்க வீட்டு ஆளு சாராயத்துக்குப் போகக்கூடாதுன்னு பொய் சொன்னேன். உள்ள கெடக்கிறது அவுகதான்!"

நாகராசு துப்பாக்கியைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ராக்கன் மட்டும் முன்னால் வந்தார். "என்னாத்தா சொல்ற? நான் பாத்தேனே!"

"நான் பொய் சொன்னேன். என்னைப் பாத்து நீங்களும் சொன்னீங்க."

"நான் எதுக்கு ஆத்தா பொய் சொல்லப்போறேன்?" என்றார் அவர், குழம்பிப்போய்.

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்குவதற்குள் புருஷனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மருதாயி புதரை நோக்கி ஓடினாள். சூரைமுள் சேலையைப் பிடித்து இழுத்தது. குனிந்து, கிளைக்குள் கையை விட்டாள்.

"மச்சான், எந்திரிச்சு வாங்க. புள்ள தேடுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வாங்க."

குறட்டை நின்றது. உள்ளே சருகு நொறுங்கியது. அவள் மணிக்கட்டில் சூடாக மூச்சுப் பட்டது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, பஸ்ஸை விட்டிறங்கி ஓடிவந்து மூச்சிரைக்கிற வீரய்யாவின் குரல் கேட்டது.

"ஏ புள்ள மருதாயி... நான் இங்கிட்டு நிக்கிறேன்."