பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்

"கடைசி வரிசையில ஒரு அம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டே இருக்காங்களே, நீங்க பார்க்கலையா?" என்று கேட்டார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

ஆய்வாளர் பார்த்திருந்தார். பார்த்ததால்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவருக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனவர்களுக்குச் சர்வதேசச் சட்டம் என்ன பாதுகாப்பு தரவேண்டும் என்று ஏழு வருடம் ஆராய்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் தண்ணீர்பட்ட பாடாகப் பதிலும் சொல்லிவிட்டார். ஆனால் இந்தத் தேர்வில் பொதுமக்களும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. வழக்கமாக அந்தப் பொதுமக்கள் இலவச டீக்கும் பிஸ்கட்டுக்கும் வருகிறவர்கள். வாயைத் திறப்பதும் அதற்கு மட்டும்தான்.

நேரமாகிவிட்டது, தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று ஆய்வாளர் இழுத்துப் பார்த்தார். பதில் சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது என்று தேர்வாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா எழுந்து மைக்கை வாங்கினார். அறுபது வயதிருக்கும். அவருடைய வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறதாம். சமையலறைச் சுவர்தான் முதலில் போனதாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். அப்படி வீடிழந்து வந்தவர்களை, இடம் கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பலாமா?

"ஆபத்து இருக்கற இடத்துக்கு அனுப்பக் கூடாது," என்றார் ஆய்வாளர். ஏசி ஹாலில் அவருக்கு மட்டும் வியர்த்தது.

எத்தனை நாளைக்கு? ஆபத்து தீரும்வரை, மூன்றாம் அத்தியாயம். கடல் திரும்பிப் போகாதே? அப்படியானால் காலவரையறை இல்லை. இடம் போதவில்லை என்று சாக்குச் சொல்லலாமா? கூடாது, ஐந்தாம் அத்தியாயம்.

இங்கே ஆய்வாளருக்கு ஒரு சந்து தெரிந்தது. இதெல்லாம் நாடுகளுக்குத்தான், வீடுகளுக்கு இல்லை என்று அதில் நுழையப் பார்த்தார். தேர்வாளர் விடவில்லை. "நாடு என்பது பெரிய வீடுதான்னு முன்னுரையில எழுதினது நீங்கதானே?"

அந்த அம்மா அடுத்ததைக் கேட்டார். வந்தவருக்குக் கொஞ்சம் வாய் நீளம், டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்பதெல்லாம் அனுப்பக் காரணமாகுமா? ஆய்வாளர் தன் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆகாது," என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எழுதினதையெல்லாம் நிஜமாவே நம்பறீங்கதானே?" என்றார் அந்த அம்மா.

தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு வருடம். ஒரு கையெழுத்து.

"நானூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் நம்பறேன்," என்றார் ஆய்வாளர்.

கையெழுத்து விழுந்தது. சாமானிய மக்களின் மனசைத் தொட்ட ஆய்வு என்று தேர்வாளர் வாயாரப் புகழ்ந்தார். கூட்டம் கைதட்டிவிட்டு டீயைப் பார்த்துப் பாய்ந்தது.

அந்த அம்மா மட்டும் நேராக மேடைக்கு வந்தார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. அப்ப நாளைக்கு என்னை ஊருக்கு ஏத்திவிடப் போட்ட டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க."