விருந்தாளிப் பதிவு

ரெக்ஸ் இருந்தவரை அந்த வீட்டில் காலைகள் சிரிப்போடுதான் தொடங்கும். தூத்துக்குடியில் எல்லார் வீட்டிலும் மருத்துவக் கண்ணாடி வந்துவிட்டது. எதிரே நின்றால் உடம்பில் தலைகாட்டும் நோயை முன்கூட்டியே சொல்லிவிடும், குடும்பத்தாருக்கு மட்டும். இருபது ஆண்டுகள் இணையராக வாழ்ந்தும், இருவரும் ஆண்கள் என்பதால் இசக்கிமுத்து வீட்டுக் கண்ணாடியின் பதிவில் ரெக்ஸ் வெறும் விருந்தாளி.

"விருந்தாளி வந்திருக்கேம்லே, காபி போடு" என்று பல் தேய்த்தபடியே கத்துவார் ரெக்ஸ். பின்னால் வந்து இசக்கிமுத்துவின் தோளில் தாடையை வைத்து, கண்ணாடிக்கு நாக்கைத் துருத்துவார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அங்க போனா, நீ எனக்கு யாருன்னு கேட்டு ஒருமாதிரி பாப்பாங்க. வேண்டாம்லே."

புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. மழைக்காலம் முடியுமுன் ரெக்ஸ் போய்விட்டார்.

இப்போதும் காலையில் இசக்கிமுத்துவின் தோள் அந்தத் தாடையின் கனத்தைத் தேடும். ஒருநாள் கண்ணாடி பேசியது.

"உங்கள் முகத்தில் துக்கம் தெரிகிறது. குடும்பத்தில் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லையே?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டார். இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு இறந்துட்டாரு."