பூட்ட முடியாத கல்

“ஏசி போடுவம். யன்னலெல்லாம் இறுக்கி மூடுற மாதிரி வையுங்கோ,” என்றான் கஜீபன், புது வீடு கட்டும் மேசனிடம்.

“அக்கராயன் வெக்கைக்கு நாலு சுவரிலயும் காத்துப் போய்வர ஓட்டைக்கல் வைச்சால்தான் நல்லம்,” என்றாள் மனைவி தர்சிகா.

மேசன் நல்லதம்பியும் தலையாட்டினார்.

“அவா விரும்பினபடி செய்யுங்கோ,” என்று கஜீபன் சிரித்தான்.

குடிபுகுந்த மூன்றாம் நாள், சொதியில் உப்பில்லை என்று யன்னல்களைப் பூட்டிவிட்டு அவள் தலையைச் சுவரில் மோதினான். அவள் அலறினாள். மறுபடி கை ஓங்குமுன் கதவு உடைந்தது. பக்கத்து வளவில் வேலைசெய்த நல்லதம்பியும் ஆட்களும் அவனை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு மிதித்தார்கள்.

“எவ்வளவு காலமா இப்பிடி, தங்கச்சி?” என்று நல்லதம்பி கேட்டார்.

“ஏழு வருசம். பழைய வீட்டிலயும் யன்னலைப் பூட்டிப்போட்டுத்தான் அடிப்பார்.”

வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

“ஓட்டைக்கல்லைப் பூட்டேலாது, அண்ணை. அதுதான் கேட்டனான்.”