பட்டறையில் கேட்ட திமிங்கிலம்

திமிங்கிலங்களின் குரலைக் கேட்பதற்காக அனுப்பிய ஆளில்லாப் படகு, மூன்று மாதம் கடலில் சுற்றியும் கப்பல் இரைச்சலை மட்டுமே பிடித்தது. மேலிடம் திட்டத்தை மூடச் சொல்லிவிட்டது. பொறியாளர் எரிச்சலோடு படகைக் கரையேற்றி, பட்டறை மேசையில் வைத்துக் கணினியோடு இணைத்தாள்.

உடனே ஒரு திமிங்கிலம் பாடியது.

“பழைய பதிவா இருக்கும்,” என்றான், அவளைச் சாப்பிடக் கூப்பிட வந்த கணவன்.

“பதிவுல கப்பல் சத்தத்தத் தவிர ஒண்ணுமே இல்லைங்க. இது இப்ப கேக்குது!”

படகிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள். பாட்டு நிற்கவில்லை, நெருங்கி வந்தது.

“கடல்ல இருந்தவரைக்கும் வாயத் தொறக்கல. இனிமே சொன்னா எவன் நம்புவான்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் காய்ந்த தெருவின் மீது ஒரு நீண்ட நிழல் மெதுவாக நீந்திவந்துகொண்டிருந்தது.