முப்பத்திரண்டு டிகிரி

வேறொருத்தியோடு வாழப் போன கோகுல், மனைவி தமயந்தியைப் போனில் அழைத்தது வீட்டில் விட்டுப்போன தன் செல்லப் பிராணியான சிறுத்தைப்பல்லிக்காகத்தான். "கண்ணாடித் தொட்டியில சூடு முப்பத்திரண்டு டிகிரி இருக்கணும். கொறஞ்சா செத்துரும். அடுத்த வாரம் வந்து தூக்கிட்டுப் போறேன்." அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்க்காதவன். அவள் ஹீட்டரை அணைத்தாள்.

காலையில் பல்லி விறைத்துக் கிடந்தது. தூக்கி எறியத்தான் எடுத்தாள். உள்ளங்கைச் சூட்டில் அது மெல்லக் கண் திறந்து அவள் விரலைப் பற்றிக்கொண்டது. பிறகு ஹீட்டரைப் போட்டு, பல்லியைத் தொட்டியில் விட்டுவிட்டு அவனை அழைத்தாள்.

"செத்துப்போச்சுங்க."

கோகுல் விம்மி அழுதான். அவளுக்காக ஒருநாளும் அப்படி அழுததில்லை. முழுக்கக் கேட்டாள். அழுகை ஓயப்போகும் நேரத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"கடைசிவரைக்கும் உங்களத்தாங்க தேடுச்சு."