பெரிய நல்லி

கால் முறிந்து தகடு வைத்த நாளிலிருந்து பாக்கியநாதனுக்கு மதியச் சாப்பாடு செல்லக்கண்ணுவின் மெஸ்ஸில்தான். எலும்பு கூடுவதற்கு ஆட்டுக்கால் சூப்பை விட்டால் வேறு மருந்து கிடையாது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவர் நொண்டிக்கொண்டு வருவதைக் கண்டதுமே செல்லக்கண்ணு பெரிய நல்லி எலும்பாகப் பார்த்துக் கிண்ணத்தில் போட்டுவிடுவார்.

இன்றைய நல்லி வழக்கத்தைவிடப் பெரிது. உறிஞ்சிப் பார்த்தார், வரவில்லை. தட்டில் ஓங்கித் தட்டினார். மஜ்ஜைக்கு முன்னால் டங்கென்று ஒரு ஸ்குரூ விழுந்தது. அதே மாதிரி ஸ்குரூக்கள் தன் முழங்காலுக்குக் கீழே வரிசையாக இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறார்.

எந்த ஆட்டுக்கு ஆபரேஷன் செய்கிறார்கள்? எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் போலவே காலில் தகடு வைத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கூத்தபெருமாள் கொஞ்ச நாளாகச் சூப்புக்கு வரவில்லை.

செல்லக்கண்ணு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். பாத்து எடுங்கடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன். பல்லுல பட்டிருந்தா என்ன ஆவுறது?"

ஸ்குரூவைத் துண்டில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை மறுபடி நிரப்பினார். பிறகு குனிந்து, மேசைக்கடியில் நீட்டியிருந்த காலை வாஞ்சையோடு அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாத் தேறிட்டீங்க. இந்தத் தகட்ட எப்ப சார் எடுக்குறாங்க?"

பாக்கியநாதன் பதில் சொல்லப் பார்த்தார். வாய் நிறையச் சூப் இருந்தது.