சுவர் திருப்பிச் சொன்னது

தபால்காரன் காசிமாயன் அட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எப்போதும் இப்படித்தான். அவன் பிடிப்பான். நான் பார்ப்பேன். முதலில் படம், பிறகு எழுத்து. அதன்பின் வேண்டாம் என்பேன். ‘வாங்க மறுத்தார்’ என்று அதன்மேல் எழுதிப் பையில் போட்டுக்கொள்வான். அட்டை வந்த வழியே பிரான்சு தேசத்துக்குத் திரும்பிப் போகும்.

என் மகள் பாண்டியம்மாள் எழுபத்தாறில் புதுச்சேரிக்காரன் ஒருவனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். ஏழு வருஷம் ஆகிறது. அவன் நம் ஆளும் இல்லை, நம் சாமியைக் கும்பிடுகிறவனும் இல்லை. ஊர் பார்க்க அவளுக்குத் தலைமுழுகியவன் நான். அவள் கடுதாசியை நான் கையால் தொடலாமா?

முதல் இரண்டு வருஷம் உறை வந்தது. பிரிக்காமலே திருப்பினேன். என் மகள் அல்லவா, யோசித்திருக்கிறாள். அதன் பிறகு உறையே இல்லாத பட அட்டைகள் வர ஆரம்பித்தன.

பார்ப்பது வாங்குவது ஆகாது.

அங்கே அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. புருஷனும் அவளும் சைக்கிளில் கால்வாய்க் கரையோடு ஊர் ஊராகப் போய்ப் பழைய மாதா கோயில்களைப் பார்க்கிறார்கள். எண்ணூறு வருஷத்துக் கல்கட்டடமாம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள் தான் ஒருத்திதான் என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அன்று முழுக்க நான் யாரிடமும் கோபப்படவில்லை.

இந்த அட்டையிலும் ஒரு கால்வாய். இரண்டு கரையிலும் பெரிய மரங்கள். பந்தல் போட்டது போல நிழல். எங்கள் திருமங்கலம் பக்கத்துக் கால்வாயில் தண்ணீரைக் காண்பதே வருஷத்தில் சில மாதம். அங்கே கரை தளும்பக் கிடக்கிறது. ஆனால் ஒரு வயலுக்கும் பாய்வதில்லையாம், படகு போவதற்காம்; முன்பே ஓர் அட்டையில் எழுதியிருந்தாள். என்ன ஊரோ.

காசிமாயன் அட்டையைத் திருப்பினான். எனக்குக் கண்ணில் புரை விழுந்து ஆறு மாதம்; அதற்குப் பிறகு வந்த முதல் அட்டை இது. படம் தெரிந்தது. எழுத்து எறும்பாக ஊர்ந்தது.

அவன் காத்திருந்தான். முற்றத்தில் என் மனைவி செல்லத்தாய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பருத்தியில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

வாசி என்றேன். கையில் வாங்கவில்லையே.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். கால்வாய்க் கரையில் வெயிலே தெரியவில்லையாம். ஒரு சின்ன ஊரில் கோயில் கதவு திறந்து கிடந்ததாம், உள்ளே ஆளே இல்லையாம். மகன் அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டானாம்.

சருகு பொறுக்கிய கை நின்றது.

“மகனா?” என்றாள் செல்லத்தாய்.

இரண்டரை வருஷத்துக்கு முன் வந்த ஓர் அட்டையில் ஆண் குழந்தை பிறந்திருப்பதாக எழுதியிருந்தாள். பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது வாங்கிக்கொண்டதாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “இம்புட்டு நாளா கண்ணால வாங்கிட்டுத்தான் இருந்திருக்கீக.”

நான் காசிமாயனைப் பார்த்தேன். அவன் அவசரமாக மேலே வாசித்தான். “‘இருட்டுக்குள்ள ஆளைக் காணோம். பயந்துபோய்ச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அடேய்...’”

நிறுத்திவிட்டான். வாசிடா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

என்னை ஏசியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏழு வருஷமாகத் திருப்பி அனுப்பியவனை ஏச அவளுக்கு உரிமை உண்டு. முதுகை நிமிர்த்திக்கொண்டு, என்ன ஏச்சாக இருந்தாலும் வாசி என்றேன்.

“ஏச்சு இல்ல பெரியய்யா. பையன் பேரு. அதை அடேய்னு சேத்து உங்க முன்னால நான் எப்படிச் சொல்லுவேன்?”

செல்லத்தாய்க்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. எழுந்தாள். மடியிலிருந்த பருத்தி தரையில் கொட்டியது.

அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட, என்னைவிட மூத்தவர்கள் இந்த ஊரில் யாரும் மிச்சமில்லை. பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் அது எழுத்தாகக் கிடக்கிறது. கடைசியாக வாய்விட்டுக் கூப்பிட்டவள் என் தாய். அவள் போய்ப் பதினொரு வருஷம்.

பெயரை விட்டுவிட்டு மீதியை வாசிக்கச் சொன்னேன். கூப்பிட்டதைக் கல்சுவர் முழுக்கத் திருப்பிச் சொன்னதாம். பையன் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தானாம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சாயங்காலம் வரை அவளைக் கூப்பிட வைத்தானாம்.

அவ்வளவுதான் எழுதியிருந்தது. காசிமாயன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மறுத்ததாக எழுதிவிடவா என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய் பேசினாள். “நாளைப்பின்ன அவன் வந்து வாசல்ல நின்னா, நான் அவனை என்னன்னு கூப்பிடுவேன்?”

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் என்னை ‘இந்தாங்க’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள் அவள்.

அட்டையை வாங்கிக்கொண்டேன்.

“பேரைச் சொல்லியே கூப்பிடு,” என்றேன்.

சொல்லிவிட்டு வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காசிமாயன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அதுவும் ஓய்ந்த பிறகு, அவள் சொல்லிப் பார்த்தாள்.

“முத்திருளா...”

நான்தான் திரும்பினேன்.